கடைசியாக எப்போது ஒண்ணுக்குப் போனாள்?

2024 ஜனவரி. பொங்கல் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. மகளுக்கு அப்போது 13 மாதம். என் மனைவி ஆசிரியை. இரண்டு நாள் பயிற்சிக்காகச் சென்னை போயிருந்தாள். வேலூர் சத்துவாச்சாரி வீட்டில் நானும் அம்மாவும் குழந்தையும்தான். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பாதி இட்லி சாப்பிட்டவள், அடுத்த நிமிடமே என் தோள்மேல் அத்தனையும் வாந்தி எடுத்தாள். ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துத் துடைத்துவிட்டேன். ஏழு மணிக்குள் மேலும் மூன்று முறை. கடைசி வாந்தியில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. உடம்பு லேசாகச் சுட்டது. எட்டு மணிக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. மஞ்சள் கலந்த தண்ணீர், புளித்த வாடை. தொடை வழியாக வழிந்து பாய் நனைந்தது.

தெருமுனை மெடிக்கலுக்கு ஓடினேன். கடைக்காரரிடம் நான் சொன்ன வாக்கியம் இன்னும் நினைவில் இருக்கிறது. "குழந்தைக்கு வாந்தியும் போக்கும் நிக்கவே மாட்டேங்குது. நிக்கிற மாதிரி ஏதாவது குடுங்க." அவர் ஒரு ஆன்டிபயாட்டிக் சிரப் கொடுத்தார். கூடவே ஆப்பிள் படம் போட்ட ஒரு அட்டைப் பெட்டி பானம். அதன்மேல் ஓ.ஆர்.எஸ். என்று பெரிய எழுத்தில் இருந்தது. மூன்று எழுத்தையும் பார்த்தவுடன் எனக்கு நிம்மதி. வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கொடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரிந்திருந்தது.

பாப்பா அதை ஆசையாகக் குடித்தாள். தித்திப்பு, தாகம் வேறு. பாதிப் பெட்டி காலி. அரை மணி நேரத்தில் முன்பைவிட அதிகமாகப் போனாள். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. சிரப்பைப் பிரிக்கப் போனேன்.

அம்மா என் கையிலிருந்த பாட்டிலை வாங்கி ஓரமாக வைத்தார். "மருந்து கெடக்கட்டும். புள்ள கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போச்சு?"

எனக்குத் தெரியவில்லை. டயப்பர் போட்டிருந்தோம். தண்ணீராகப் போவதையும் சிறுநீரையும் அது ஒன்றாக உறிஞ்சிக்கொள்கிறது. கனத்துப் போனால் கழற்றி எறிந்துவிட்டு இன்னொன்று மாட்டிக்கொண்டிருந்தேன். அதில் எது எவ்வளவு என்று பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. அம்மா டயப்பரைக் கழற்றிப் போட்டார். அப்பாவின் பழைய வேட்டி ஒன்றை எடுத்து, பல்லால் கடித்து ஓரத்தை விட்டு, சர்சர் என்று எட்டு துண்டாகக் கிழித்தார். ஒரு துண்டைக் குழந்தைக்கு அடியில் விரித்தார். "இனிமே ஈரம் தெரியும்" என்றார். அப்புறம் பாப்பாவின் உச்சியில் மூன்று விரலை வைத்துத் தடவினார். அவளுக்கு உச்சிக்குழி அப்போது முழுசாக மூடியிருக்கவில்லை. "குழி வுழுந்திருக்குடா" என்றார். என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். ஒரு சின்னக் கிண்ணம் போல உள்வாங்கியிருந்தது. பாப்பா சிணுங்கினாள். கண்ணில் ஈரம் இல்லை.

அம்மாவின் ஊர் குடியாத்தம் பக்கம். உச்சிக்குழி விழுந்தால் அங்கே தோஷம் என்பார்கள். மந்திரிப்பார்கள், தொக்கம் எடுக்கிறவரிடம் தூக்கிக்கொண்டு போவார்கள். அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்திருக்கிறான், ஒன்றரை வயதுப் பிள்ளை. வாந்தி பேதியில் ஒன்றரை நாளில் போய்விட்டான். அந்தக் கதையை அதற்கு முன் ஓரிரு தடவை அரைகுறையாகக் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் முழுசாகச் சொன்னார். தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று பெரியவர்கள் எல்லோரும் சொன்னார்களாம். அதனால் பாலையும் தண்ணீரையும் நிறுத்திவிட்டார்கள். பேதியும் நின்றுவிட்டது. நல்லதாகப் போச்சு என்று வீட்டில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். உடம்பில் வெளியே போவதற்கு எதுவும் இல்லாததால் நின்றது என்று யாருக்கும் புரியவில்லை. "நாக்கு ஒட்டிக்கினு கெடந்தான். சொம்பையே பாத்துக்கினு இருந்தான். நான்தான் பக்கத்துல உக்காந்திருந்தேன். எனக்கு ஏழு வயசு."

இதை எழுதும்போதும் அந்தச் சொம்பு என் கண்முன் நிற்கிறது. அந்தப் பெரியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளை மேல் உயிரையே வைத்திருந்தவர்கள்தான். நின்றால் சரியாகிவிடும் என்று அவர்கள் நம்பினார்கள். மெடிக்கலில் நின்று நான் கேட்டதும் அதைத்தானே.

அம்மா ஃபிரிட்ஜ் மேல் இருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். ரேஷன் ரசீது, ரப்பர் பேண்டு, பழைய சாவிகளுக்கு அடியில் ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் ஒரு ஜிங்க் மாத்திரை அட்டையும் இருந்தன. ஆண்டுதோறும் வயிற்றுப்போக்குத் தடுப்பு முகாமின்போது ஐந்து வயதுக்குள் குழந்தை இருக்கும் வீடுகளுக்கு இவற்றைக் கொண்டுவந்து தருகிறார்கள். அப்படி வந்த அக்கா ஒருவர் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனது. ஏழு மாதமாக எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறது.

குழந்தை டாக்டருக்கு போன் போட்டேன். நல்லவேளை, எடுத்தார். எத்தனை தடவை போனாள் என்பதை அவர் அதிகம் கேட்கவில்லை. கண் உள்ளே போயிருக்கிறதா, அழுதால் கண்ணீர் வருகிறதா, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே பழையபடி ஆகிறதா, மெதுவாகத்தான் ஆகிறதா, கூப்பிட்டால் பார்க்கிறாளா, மலத்தில் ரத்தம் இருக்கிறதா, ஸ்பூனை நீட்டினால் வாயைத் திறக்கிறாளா. ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொன்னேன். "குடிக்கிறாள் இல்லையா, அப்போ வீட்டிலேயே பார்க்கலாம். ஸ்பூனால் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். காலைக்குள் சிறுநீர் போகாவிட்டாலோ, துவண்டு போனாலோ, குடிக்கவே மாட்டேன் என்றாலோ காத்திருக்காதீர்கள், உடனே கிளம்பி வாருங்கள்." சிரப்பைக் கேட்டேன். இது வைரஸால் வந்ததாகத்தான் இருக்கும், வைரஸை ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது, குடலில் இருக்கும் நல்ல கிருமிகளைத்தான் கொல்லும், தேவையில்லை என்றார். பெரியவர்கள் போட்டுக்கொள்ளும் பேதி மாத்திரையை எக்காரணம் கொண்டும் கொடுத்துவிடக் கூடாது என்றும் சொன்னார்.

பொட்டலத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு என்று அச்சிட்டிருந்தது. இந்த இடத்தில்தான் பல வீடுகளில் தவறு நடக்கிறது. பாதிப் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைப்பார்கள். கரைசல் கெட்டியாகி உப்பு ஏறிவிடும். அல்லது ஒரு பொட்டலத்தை இரண்டு லிட்டரில் கலக்கி நீர்க்க விட்டுவிடுவார்கள். ஒரு லிட்டர் பாட்டிலில் ஆறவைத்த வெந்நீரை அளந்து ஊற்றி, முழுப் பொட்டலத்தையும் கொட்டிக் குலுக்கினேன். நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். கண்ணீர் மாதிரி இருந்தது. அதற்கு மேல் கரித்தால் தவறு. கலக்கி 24 மணி நேரம் ஆனால் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

இரவு பத்தேகாலுக்கு ஆரம்பித்தோம். ஒரு ஸ்பூன், 5 மில்லி. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு நிமிடம். அப்புறம் இன்னொரு ஸ்பூன். அவளுக்கு எடை எட்டரைக் கிலோ. நீர் வற்ற ஆரம்பித்த குழந்தைக்கு முதல் நான்கு மணி நேரத்தில் கிலோவுக்கு 75 மில்லி தர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அப்படியானால் ஏறக்குறைய 640 மில்லி. இரண்டு நிமிடத்துக்கு 5 மில்லி என்றால் மணிக்கு 150, நான்கு மணி நேரத்துக்கு 600. ஆக, அந்தச் சின்ன ஸ்பூனே போதுமானதாக இருக்கிறது. டம்ளரில் கொடுத்திருந்தால் மடக் மடக்கென்று குடித்துவிட்டு அத்தனையையும் எடுத்திருப்பாள். தளும்பாமல், வயிற்றுக்குத் தெரியாமல், உள்ளே அனுப்புகிற மாதிரி ஒரு வேலை இது. பதினொன்றரைக்கு ஒரு முறை எடுத்தாள். பத்து நிமிடம் விட்டோம். மறுபடி ஸ்பூன்.

அவளுடைய வயிற்றுக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். குடலின் உட்சுவரில் விரல் விரலாக நுண்ணிய நீட்சிகள் இருக்கின்றன. ரோட்டா மாதிரியான வைரஸ்கள் அந்த விரல்களின் நுனியில் உள்ள செல்களுக்குள் புகுந்து அவற்றை அழிக்கின்றன. உணவையும் நீரையும் உறிஞ்சுகிற செல்கள் அவைதான். உறிஞ்ச ஆளில்லாததால் தண்ணீர் அப்படியே கீழே ஓடுகிறது. சில நாட்களில் அடியிலிருந்து புதுச் செல்கள் முளைத்து மேலே வந்துவிடும். நோய் தானாகப் போய்விடும். அந்தச் சில நாட்களைத் தாண்டுவதுதான் பாடு. பெரியவர்கள் தாண்டிவிடுகிறோம். எட்டுக் கிலோ உடம்பில் இருக்கிற தண்ணீர் எவ்வளவு? இந்த நோயில் குழந்தையைக் கொண்டுபோவது பெரும்பாலும் கிருமி அல்ல, வறட்சிதான்.

அத்தனை சேதத்திலும் குடலில் ஒரு கதவு மூடாமல் இருக்கிறது. குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து வந்தால் இரண்டையும் கைகோத்து உள்ளே விடுகிற கதவு. அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் நுழைந்துவிடும். 1960-ல் ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர் இதைச் சொன்னார். இரண்டும் சரியான அளவில் இருக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். இப்போதைய ஒரு லிட்டர் பொட்டலத்தில் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம். அந்த ஆப்பிள் பானத்தில் சர்க்கரை இதைப் போலப் பல மடங்கு. கதவு தாங்குகிற அளவுக்கு மேல் சர்க்கரை போனால் அது குடலிலேயே தங்கி, உடம்பிலிருக்கும் தண்ணீரையும் வெளியே இழுக்கும். என் மகளுக்கு அன்றைக்கு அதிகமாகப் போனதற்குக் காரணம் அதுதான் என்று இன்றுவரை நினைக்கிறேன்.

இதைப் பேசும்போது டாக்டர் திலீப் மகலனாபிஸைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. 1971, வங்கதேசப் போர். எல்லை தாண்டி வந்த அகதிகளால் மேற்கு வங்கத்தின் பன்கான் நிரம்பி வழிகிறது. காலரா. மருத்துவமனைத் தரையெல்லாம் நோயாளிகள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருக்கிறது. அவர் கொல்கத்தாவில் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் அளந்து பொட்டலம் கட்ட வைத்து முகாமுக்கு வரவழைத்தார். டிரம்களில் கரைத்து வைத்து, நோயாளிகளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாக்களையும் அண்ணன்களையும் டம்ளர் டம்ளராகக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு 30 பேர் போல இறந்துகொண்டிருந்த இடத்தில் அது 3.6 ஆகக் குறைந்தது. ஊசி போடத் தெரிந்தவர்கள் செய்த வேலையை, பக்கத்தில் இருக்கிறவர்கள் கையில் நம்பிக் கொடுத்தார். அந்தத் துணிச்சல்தான் எனக்குப் பெரிதாகப்படுகிறது. 2022-ல் அவர் காலமானார். அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் அறிவித்தார்கள். உயிரோடு இருக்கும்போது கொடுத்திருக்க வேண்டும்.

ஒன்றரை மணிக்கு என் கண் சொருகியது. அம்மா ஸ்பூனை வாங்கிக்கொண்டார். மூன்று மணிக்கு எழுந்து பார்த்தால் அதே இடத்தில், அதே மாதிரி, கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்கு 66 வயது. "நீ தூங்கு, எனக்குத் தூக்கம் வராது" என்றார். பாப்பா பாதித் தூக்கத்திலேயே வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டாள். ஐந்தே முக்காலுக்கு என் மடியில் கிடந்தவளுக்கு அடியில் சூடாக ஏதோ பரவியது. துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். கலங்கல் இல்லை. மஞ்சளாக, சிறுநீர் வாடையோடு, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம். "அம்மா, போயிட்டா" என்றேன். அம்மா அந்தத் துணியை வாங்கி மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அப்படியே முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

காலை டாக்டரிடம் காட்டினோம். எந்த வைரஸ் என்று பரிசோதிக்க வேண்டுமா என்று கேட்டேன். ரோட்டாவாக இருக்கலாம், நோரோவாக இருக்கலாம், அடினோ, ஆஸ்ட்ரோ என்று இன்னும் இருக்கின்றன. எதுவாக இருந்தாலும் வைத்தியம் ஒன்றுதான், காசை வீணாக்க வேண்டாம் என்றார். எனக்கு ஒரு வருத்தம் இருந்தது. ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் ரோட்டா சொட்டு மருந்தைத் தவறாமல் கொடுத்திருந்தோம். அப்புறமும் ஏன்?

ரோட்டா வைரஸை 1973-ல் மெல்போர்னில் ரூத் பிஷப்பும் கூட்டாளிகளும் குழந்தைகளின் குடல் திசுவில் கண்டுபிடித்தார்கள். மின்னணு நுண்ணோக்கியில் சக்கரம் போலத் தெரிந்ததால் லத்தீனில் சக்கரம் என்று பொருள்படும் ரோட்டா என்ற பெயர் பிறகு வந்தது. நம் நாட்டுத் தடுப்பு மருந்தின் கதை 1980-களில் டெல்லி எய்ம்ஸில் ஆரம்பிக்கிறது. அங்கே பிறந்த பச்சைக் குழந்தைகள் சிலருக்கு ரோட்டா தொற்றியிருந்தும் எந்த நோயும் வரவில்லை. அந்தச் சாதுவான வைரஸைத்தான் டாக்டர் எம்.கே. பான் குழுவினர் எடுத்துப் பல ஆண்டுகள் பாடுபட்டுச் சொட்டு மருந்தாக்கினார்கள். டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் ஏறக்குறைய 6,800 குழந்தைகளிடம் சோதித்தபோது, முதல் ஆண்டில் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை 56 சதவீதம் குறைத்தது. 2016-ல் நான்கு மாநிலங்களில் அரசுத் திட்டத்தில் சேர்ந்தது, அடுத்த ஆண்டு தமிழ்நாட்டுக்கு வந்தது. ஆக, அது முழுக் கவசம் கிடையாது. வரவே வராது என்று யாரும் உறுதி சொல்லவில்லை. அதோடு, ரோட்டா அல்லாத வைரஸ்களை அது தடுக்காது. ஆனால் கடுமையாகத் தாக்குவதில் பாதிக்கு மேல் குறைகிறது என்பது நம் நாட்டுக் குழந்தைகளின் எண்ணிக்கைக்கு எவ்வளவு பெரிய விஷயம்!

இதில் எங்கள் ஊருக்கும் பங்கு உண்டு. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ககன்தீப் காங்கும் அவருடைய குழுவினரும் வேலூரின் நெருக்கமான குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளை மூன்று வயது வரை வீடு வீடாகப் போய்க் கவனித்தார்கள். அவர்களில் 56 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள்ளேயே ரோட்டா தொற்றியிருந்தது. மூன்று முறை தொற்றிய பிறகும் அடுத்த மிதமான அல்லது கடுமையான தாக்குதலிலிருந்து 79 சதவீதம்தான் பாதுகாப்பு. 2011-ல் வெளியான அந்த ஆய்வைப் படித்தபோது, நான் தினம் பஸ்ஸில் கடக்கிற தெருக்களின் அம்மாக்கள் என் கண்முன் வந்தார்கள். மூன்று வருடம் யாரோ கதவைத் தட்ட, ஒவ்வொரு முறையும் பிள்ளையின் துணியை எடுத்துக் காட்டிய அம்மாக்கள்.

அடுத்த நான்கு நாளும் போக்கு இருந்தது. நிற்கவில்லை, குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லி ஓ.ஆர்.எஸ். தாய்ப்பால் வழக்கம்போல. ஜிங்க் மாத்திரை 20 மில்லிகிராம், ஸ்பூனில் கரைத்து 14 நாள். அவள் துப்பித்தான் பார்த்தாள், விடாமல் கொடுத்தோம். குடலில் ஏற்பட்ட சேதம் ஆறவும், அடுத்த சில மாதங்களுக்கு இது திரும்ப வராமல் இருக்கவும் அது உதவுகிறது. பட்டினி போடவே கூடாது. அம்மா அரிசியைக் குழைய வேகவைத்து, உப்புப் போட்டு, கஞ்சித் தண்ணியாக வடித்துக் கொடுத்தார். அரிசியின் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடைகிறது. உப்பும் கூட இருக்கிறது. அந்தக் கதவு அதற்கும் திறக்கும். கஞ்சி, மோர், இட்லி, வாழைப்பழம் என்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது.

மூன்றாம் நாள் எனக்கும் வாந்தி. கைக்கு சானிடைசர் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். கொரோனா காலத்துப் பழக்கம். ஆனால் இந்த வைரஸ்கள் பலவற்றுக்கு மேலே கொழுப்பு உறை கிடையாது. நோரோவை ஆல்கஹால் சரியாகக் கொல்வதில்லை. சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான் அதைக் கழுவித் தள்ளும். நோய் கண்ட குழந்தையின் ஒரு கிராம் மலத்தில் ரோட்டா வைரஸ் ஆயிரம் கோடிக்கு மேல் இருக்கலாம். தொற்றுவதற்கு நூறுகூடத் தேவையில்லை. துணி மாற்றிய கையோடு நான் ஸ்பூனைக் கழுவாமல் எடுத்த தடவைகள் எத்தனையோ. மனைவி திரும்பி வந்ததும் முதல் வேலையாக வாஷ்பேசின் பக்கத்தில் இரண்டு சோப்பு வைத்தாள்.

ஓ.ஆர்.எஸ். என்ற பெயரோடு விற்ற தித்திப்புப் பானங்களுக்கு எதிராக ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டு ஆண்டுகளாகப் போராடிக்கொண்டிருந்தார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரை இப்படிப்பட்ட பானங்களில் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. செய்தியைப் படித்த அன்று அம்மாவிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "அந்த டாக்டரம்மா நல்லா இருக்கணும்" என்றார். எனக்கும் அதேதான் தோன்றியது.

போன மாதம் ராத்திரி பதினொரு மணிக்குத் தங்கை ஆம்பூரிலிருந்து போன் பண்ணினாள். அவள் பையனுக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை.

"அண்ணா, சாயங்காலத்திலிருந்து வாந்தியும் போக்கும். நிக்கிறதுக்கு என்ன குடுக்கலாம்?"

"அது இருக்கட்டும். கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனான்?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "டயப்பர் போட்டிருக்கேன்ணா, தெரியல" என்றாள்.

"கழட்டிட்டு ஒரு வெள்ளைத் துணி போடு. பாலை நிறுத்தாதே. வீட்டுல பொட்டலம் இருக்குதா?"

"இருக்கு."

"சரி, ஸ்பூன எடு. போனை வைக்காதே."